துப்பறியும் தொழிலில் பெண்

1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு கதைத் தொகுதிகள் வெளிவந்தன. ஒன்றின் பெயர் 'தி ஃபீமேல் டிடெக்டிவ்', அதாவது துப்பறியும் பெண். மற்றொன்று 'ரெவலேஷன்ஸ் ஆஃப் எ லேடி டிடெக்டிவ்', துப்பறியும் சீமாட்டி ஒருத்தி வெளியிடும் இரகசியங்கள். முன்னதை ஆண்ட்ரூ ஃபாரஸ்டர் என்ற புனைபெயரில் எழுதியவர் ஜேம்ஸ் ரெடிங் வேர் என்பார். பின்னது வில்லியம் ஸ்டீபன்ஸ் ஹேவர்டு இயற்றியது என்று இப்போது கருதப்படுகிறது. இரண்டும் பெரிய இலக்கியங்கள் அல்ல. இரயில் பயணத்தின்போது பொழுது போக்குவதற்காக வாங்கப்பட்ட மலிவு நூல்களின் இனத்தைச் சேர்ந்தவை. ஆயினும், ஆங்கிலக் கதை உலகில் துப்பறிவதையே பிழைப்பாகக் கொண்ட பெண் தலைகாட்டிய மிகப் பழைய நூல்களுள் இவை சேரும்.

இரண்டாம் நூலின் நாயகி திருமதி பாஸ்கல். நாற்பது வயதை நெருங்கிய கைம்பெண். கணவன் திடீரென இறந்துவிட்டான். கையில் பொருள் இல்லை. ஆகவே இத்தொழிலுக்கு வந்தாள். ஒரு கதையில், ஐயத்துக்கு இடமான சீமாட்டி ஒருத்தியை இரவில் பின்தொடர்ந்து செல்கிறாள். அந்தச் சீமாட்டி தரையிலுள்ள ஒரு திறப்பின் வழியே இறங்கி மறைந்துவிடுகிறாள். பாஸ்கல் அம்மையாரும் இறங்கவேண்டும். ஆனால் இடையில் ஒரு தடை. அக்காலத்து மேனாட்டு மகளிர், வளையங்கள் வைத்துக் கட்டிய கிரினோலின் என்னும் அகன்ற உள்பாவாடையை அணிந்திருந்தனர். அதை உடுத்தியவள் குறுகிய வழியில் நுழைய முடியாது. அம்மையார் சற்றும் தயங்கவில்லை. அதைக் கழற்றி ஒருபுறம் வைத்துவிட்டுத் துளையினுள் இறங்கிவிட்டார்.

நூறாண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டுவரும் ஒரு கதைவகையின் சாரம் முழுவதையும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே காணலாம் என்பது என் எண்ணம். பெண்ணுக்கென்று சமுதாயம் செய்துவைத்த உடை ஒன்று. அவள் பிழைப்புக்காகச் செய்யவேண்டிய வேலை மற்றொன்று. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது எதைக் கழற்றி வைப்பது என்பதே கேள்வி.

மற்ற நூலின் நாயகியோ தன் தொழிலை வெளியில் சொல்வதே இல்லை. அறிந்தவர்கள் அவளைத் தையல் வேலை செய்பவள் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சொன்னால் மதிப்புக் குறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

கதைப்படி இவ்விருவரும் போலீசாரின் ஏவலில் பணியாற்றுபவர்கள். உண்மையில் அக்காலத்து லண்டன் போலீசில் அத்தகைய உத்தியோகத்தில் பெண் எவரும் இல்லை. லண்டன் மாநகரத் தெருக்களில் பெண் காவலர் பணிக்கு வந்தது முதல் உலகப் போர் முடிந்த பின், 1919-இல்தான். ஆகவே, கற்பனை நடப்பைவிட ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டது. வானூர்தியையும் நீர்மூழ்கிக் கப்பலையும் கதாசிரியர்கள் முன்கூட்டியே கண்டார்கள் என்று வியந்து பேசுகிறோம். பெண் காவலரைக் கண்டதைப் பற்றி எவரும் வியப்பதில்லை.

ஆனால் போலீசுக்கு வெளியே, கூலிக்கு வேவு பார்க்கும் தனியார் துறையில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 1857-இல் விவாகரத்துச் சட்டம் ஒன்று நிறைவேறியது. அதுவரை மாதா கோயில் நீதிமன்றத்தையும் பாராளுமன்றத்தையும் நாடவேண்டியிருந்த வழக்குகள் சாதாரணச் சிவில் நீதிமன்றத்துக்கு வந்தன. மனைவி பிறனோடு கூடினாள் என்று கணவன் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ கணவனின் ஒழுக்கக்கேட்டோடு கொடுமை, கைவிட்டுப் போதல் போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை 1923 வரை நீடித்தது. அது நிற்க. மெய்ப்பிப்பதற்குச் சாட்சி வேண்டும். சாட்சியைத் தேடிப் பிடிக்க ஆள் வேண்டும். இவ்வாறுதான் தனியார் துப்பறியும் நிலையங்கள் பெருகின. ஆடவர் புகமுடியாத உள்ளறைக்கு வேலைக்காரியாகவோ செவிலியாகவோ ஒரு பெண் எளிதில் புகலாம் அல்லவா? இத்தொழிலில் பெண்ணுக்கு முதலில் கிடைத்த இடம் இத்தகையதுதான். அது பெருமைக்குரிய தொடக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

அமெரிக்காவில் கதை சற்று வேறு. சிகாகோ நகரில் ஆலன் பிங்கர்ட்டன் நடத்திய புகழ்பெற்ற துப்பறியும் நிலையத்துக்கு 1856-இல் கேட் வார்ன் என்ற இளம் கைம்பெண் வேலை கேட்டு வந்தாள். குமாஸ்தா வேலைக்கு வந்திருக்கிறாள் போலும் என்று எண்ணினார் பிங்கர்ட்டன். அவள் கேட்டதோ துப்பறியும் வேலை. ஆடவர் அணுக முடியாத இடங்களில் பெண் நட்புக்கொண்டு செய்தி அறியலாம் என்று அவள் எடுத்துரைத்தாள், வேலையும் பெற்றாள். 1861-இல் ஆபிரகாம் லிங்கன் பதவி ஏற்பதற்காக வாஷிங்டன் சென்றபோது, பால்டிமோர் நகரில் அவரைக் கொல்லச் சதி நடப்பதாகச் செய்தி வந்தது. இரவு இரயிலில் அவரை மறைவாகக் கொண்டு சென்றவர்களுள் கேட் வார்னும் ஒருத்தி. நோயுற்ற சகோதரனை அழைத்துச் செல்லும் பெண்ணாக அவள் நடித்தாள். இச்செய்திகளிற் பல பிங்கர்ட்டன் தாமே எழுதிவைத்தவை. தம் நிலையத்தின் புகழைப் பரப்புவதில் அவர் கூச்சப்பட்டவர் அல்லர் என்பதையும் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே பேசப்படும் ஒற்றர் அரசனுக்குக் கண் போன்றவர். அரசு அவரை அனுப்புகிறது; அரசு அவரைக் காக்கிறது. தனியார் துப்பறிபவருக்கு அத்தகைய காவல் இல்லை. கட்சிக்காரர் தரும் கட்டணமே அவருடைய ஊதியம். அவர் கேள்வி கேட்டால் எவரும் விடை சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவை அடைத்தால் அவர் திரும்பித்தான் போகவேண்டும். ஆடவருக்கே இடர் மிகுந்த இந்நிலையில் ஒரு பெண் நிற்கும்போது கதைக்கு இயல்பாகவே ஓர் அழுத்தம் வந்துவிடுகிறது.

மிஸ் மார்ப்பிளை நீங்கள் அறிவீர்கள். அகதா கிறிஸ்டி படைத்த அந்த மூதாட்டி 1927-இல் ஒரு சிறுகதையில் தோன்றி, 1930 முதல் நாவல்களிலும் உலவினார். அவரை இங்கே நான் சேர்க்கவில்லை. கூர்மையில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. ஆனால் அவருக்குத் துப்பறிதல் பிழைப்பு அன்று. வீட்டு வாடகைக்கும் அடுத்த வேளைச் சோற்றுக்கும் கொலைகாரனை நம்பி அவர் வாழவில்லை. நாம் பேசுவது கூலிக்காகத் துப்பறியும் பெண்களைப் பற்றி.

அவ்வகையில் குறிப்பிடத்தக்க முதற் பாத்திரம் லவ்டே புரூக். படைத்தவர் கேதரின் லூயிசா பிர்க்கிஸ் என்ற அம்மையார்; விலங்குகளின் நலத்துக்காகக் கணவரோடு சேர்ந்து பாடுபட்டு, நாய்களைக் காக்கும் சங்கம் ஒன்றை 1891-இல் தோற்றுவித்தவர். லவ்டே புரூக் கதைகள் 1893-இல் ஒரு மாதப் பத்திரிகையில் தொடங்கி, 1894-இல் நூலாயின. ஷெர்லக் ஹோம்ஸை அவரைப் படைத்தவரே நீர்வீழ்ச்சியில் தள்ளியதும் அந்த 1893-ஆம் ஆண்டின் இறுதியில்தான். லவ்டே முப்பது வயதைக் கடந்தவள். பார்த்த மாத்திரத்தில் நினைவில் நில்லாத தோற்றத்தினள். அத்தோற்றமே தொழிலில் அவளுக்கு முதல். வறுமை வந்தது, விற்பதற்கு வேறு திறமை இல்லை, பழைய நட்பும் உறவும் கைவிடும் என்று தெரிந்தே இத்தொழிலை ஏற்றாள். லண்டன் ஃப்ளீட் தெரு அருகே நிலையம் வைத்திருக்கும் எபனேசர் டையர் அவளுக்கு வேலை கொடுக்கிறார், அவளோடு சரிக்குச் சரி வாதாடுகிறார், பெரும்பாலும் தோற்கிறார். கதைகள் முடியும்போதும் அவள் அதே வேலையில் இருக்கிறாள். திருமணம் செய்துகொண்டு விலகிவிடவில்லை.

இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காலத்து ஆசிரியர் பலர் தம் நாயகியைச் சில கதைகளில் துப்பறிய விட்டபின் மணமேடைக்கு அனுப்பிவிட்டனர். மக்டானல் பாட்கின் என்பவர் 1900-இல் டோரா மிர்ல் என்ற கெட்டிக்காரியைப் படைத்தார். 1909-இல் தம்முடைய மற்றொரு துப்பறியும் நாயகனுக்கே அவளை மணம் முடித்துவைத்தார். ஆர்க்சி சீமாட்டி 1910-இல் படைத்த லேடி மாலி, சிறைப்பட்ட தன் கணவன் குற்றமற்றவன் என்று நிலைநாட்டுவதற்காகவே துப்பறியும் துறைக்கு வருகிறாள். அவன் விடுதலை அடைந்ததும் வேலையை விட்டுவிடுகிறாள். அறிவு கணவனுக்காகப் பயன்படலாம். கணவன் வந்தபின் அது ஓய்வு பெறவேண்டும் என்பது எழுதப்படாத சட்டம் போலும்.

1920-க்குப் பின் இங்கிலாந்தில் டாரதி சேயர்ஸ், மிஸ் கிளிம்ப்சன் என்ற முதுகன்னியையும் அவள்கீழ் வேலை செய்யும் பெண்கள் அடங்கிய ஒரு பணியகத்தையும் படைத்தார். வெளிப்பார்வைக்கு அது தட்டச்சு நிலையம். உள்ளே நடப்பது துப்பு வேலை. போருக்குப் பின் மணமாகாமல் நின்றுவிட்ட பெண்களின் அறிவும் நேரமும் வீணாகின்றனவே என்ற ஆதங்கம் அப்படைப்பில் இருக்கிறது. எனினும் பணம் போடுபவர் ஒரு பிரபு, புகழும் அவருக்கே.

இனி, இவ்வகை நாவல்களுள் நான் தலையாயதாகக் கருதும் நூலுக்கு வருகிறேன். அது பி. டி. ஜேம்ஸ் அம்மையார் 1972-இல் வெளியிட்ட 'ஆன் அன்சூட்டபிள் ஜாப் ஃபார் எ உமன்'. 'பெண்ணுக்குப் பொருந்தாத வேலை' என்று தமிழில் சொல்லலாம்.

ஆசிரியையின் வாழ்வை அறிந்தால் தலைப்பின் கூர்மை விளங்கும். 1920-இல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜ் நகரில் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பதினாறாம் வயதில் படிப்பை நிறுத்த நேர்ந்தது. பெண்ணின் மேற்படிப்பில் தந்தைக்கு நாட்டம் இல்லை, பொருளும் போதவில்லை. மருத்துவரான கணவர் போரிலிருந்து மனநோயோடு திரும்பினார். இரண்டு பெண் குழந்தைகளையும் காப்பாற்றும் பொறுப்பு அம்மையார்மேல் விழுந்தது. மருத்துவமனை நிர்வாக அலுவலகத்தில் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். 1968 முதல் உள்துறை அமைச்சகத்தில் போலீஸ், குற்றவியல் தொடர்பான பிரிவில் உத்தியோகம் பார்த்தார். விடியற்காலையில் எழுந்து எழுதிவிட்டு அலுவலகம் செல்வது அவர் வழக்கம். 1962-இல் முதல் நாவல் வந்தது. 1991-இல் பிரபுக்கள் சபை உறுப்பினரானார், 2014-இல் காலமானார்.

நாவலின் நாயகி கார்டீலியா கிரே. வயது இருபத்திரண்டு. லண்டனில் பெர்னி பிரைடு என்ற முன்னாள் போலீஸ்காரர் நடத்தும் சின்னஞ்சிறு துப்பறியும் நிலையத்தில் கூட்டாளி. ஒரு காலை அலுவலகத்துக்கு வருகிறாள். நோயின் கொடுமை தாங்காத பெர்னி தற்கொலை செய்துகொண்டு கிடக்கிறார். அவர் விட்டுச் சென்றவை ஒரு கடிதம், உரிமம் இல்லாத ஒரு கைத்துப்பாக்கி, கடன் மிகுந்த அந்த நிலையம் ஆகியவையே. அனைத்தும் அவளுக்கு. இனி நிலையத்தை மூடிவிடுவாய் அல்லவா என்று கேட்கிறார்கள். இது பெண்ணுக்குப் பொருந்தாத வேலையாயிற்றே என்கிறார்கள். ஒருவர் மட்டுமல்லர், நாவல் நெடுகப் பலர் இதே பேச்சைப் பேசுகிறார்கள். அவள் விடையாக ஒன்றும் பெரிதாகச் சொல்வதில்லை. வேலையை எடுத்துக்கொள்கிறாள்.

வேலை இதுதான். ரொனால்டு காலெண்டர் என்ற பெரிய விஞ்ஞானியின் மகன் மார்க், கேம்பிரிட்ஜில் படிப்பைத் திடீரென்று விட்டு, ஒரு வீட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்து, சில நாட்களில் தூக்கில் தொங்கினான். ஏன் செத்தான் என்று தந்தைக்குத் தெரியவேண்டுமாம். கார்டீலியா அந்த இளைஞன் வாழ்ந்த குடிசைக்கே சென்று தங்குகிறாள்.

அங்கே அவள் காணும் தடயங்களைக் கவனியுங்கள். இரத்தக் கறையும் இல்லை, உடைந்த கடிகாரமும் இல்லை. தோட்டத்தில் அவன் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த வரிசை முடியவில்லை. முடிவதற்குச் சிறிது தூரமே இருக்கும்போது கருவியை மண்ணில் குத்தி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான். சமைத்த உணவு உண்ணப்படாமல் இருந்தது. வேலை செய்த இடமெல்லாம் அவன் ஒழுங்கானவன், கருவிகளைத் துடைத்து வைப்பவன் என்றே காட்டுகிறது. அத்தகையவன் சாக முடிவு செய்திருந்தால் அந்த வரிசையை முடித்துவிட்டுச் செத்திருப்பான் அல்லவா? யாரோ வந்திருக்கிறார்கள், அவர்களை வரவேற்கத்தான் வேலையை இடையில் விட்டு உள்ளே சென்றிருக்கிறான். தன் கையால் வேலை செய்து பிழைப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் உடனே விளங்கும். பிறகு அவள் தூக்குக்கு இட்ட முடிச்சைத் தானே போட்டுப் பார்த்து ஆராய்கிறாள். இவற்றையெல்லாம் போலீசாரும் பார்த்தார்கள். ஆனால் செத்தவனை ஒரு மனிதனாக எண்ணி அவன் இருந்த இடத்தில் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்தியே.

ஒரு கட்டத்தில் அவளைப் பாழுங்கிணற்றில் தள்ளி மூடிவிடுகிறார்கள். முதுகை ஒரு சுவரிலும் கால்களை எதிர்ச்சுவரிலும் அழுத்தி, அங்குலம் அங்குலமாக அவள் மேலேறும் பகுதி நாவலிலேயே நீண்ட நெருக்கடி. இடுப்பில் கட்டியிருந்த தோல் வாரே அவள் உயிரைத் தாங்குகிறது. அங்கே எந்த ஆடவனும் கயிறு வீசி மீட்க வருவதில்லை. பாஸ்கல் அம்மையார் 1864-இல் துளையினுள் இறங்கினார். கார்டீலியா 1972-இல் துளையிலிருந்து ஏறி வருகிறாள்.

குற்றவாளி யார் என்று நான் சொல்லப்போவதில்லை, படித்து அறியுங்கள். ஒன்றை மட்டும் சொல்லலாம். உண்மையை அறிந்தபின் அதை என்ன செய்வது என்ற இக்கட்டு அவளுக்கு வருகிறது. சட்டத்திடம் சொல்வதா, ஒரு மனிதருக்கு நேர்ந்த துன்பத்தை மதித்து வாய் மூடுவதா? பெர்னிக்கு முன்பு மேலதிகாரியாக இருந்த ஆடம் டால்க்லீஷ் என்ற போலீஸ் அதிகாரியே, கடைசியில் அவளை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார். பெர்னி அவளுக்குக் கற்பித்த பாடமெல்லாம் அவரிடம் கற்றவை. ஆசானின் ஆசானோடு நடக்கும் அந்தப் போட்டியில் வெல்பவர் யார் என்பதைவிட, அவள் எடுத்த முடிவு நேரியதா என்பதே படிப்பவர் உள்ளத்தில் நெடுநாள் நிற்கும். கல்லூரி மாணவர்கள் கூடி வாதாடத்தக்க வினா இது.

இந்நாவல் வந்த ஆண்டில் பிரிட்டனில் ஒருவரைப் பெண் என்ற காரணத்தால் வேலைக்கு மறுப்பது சட்டப்படி குற்றம் ஆகாது. அதைத் தடுக்கும் சட்டம் 1975-இல்தான் வந்தது. கார்டீலியாவை வைத்து அம்மையார் 1982-இல் மற்றொரு நாவல் எழுதினார், அத்தோடு நிறுத்திவிட்டார். பின்னர்த் தொலைக்காட்சித் தொடரில் அப்பாத்திரத்தைத் தம் விருப்பம்போல் மாற்றினார்கள். அது படைத்தவருக்கு உவப்பாக இல்லை.

அதே 1982-இல் அமெரிக்காவில் இரண்டு நூல்கள் தோன்றின. அதற்கு முன்பே, 1977-இல், மார்சியா முல்லர் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ஷாரன் மெக்கோன் என்ற துப்பறியும் பெண்ணைப் படைத்து வழி திறந்திருந்தார். இப்போது சாரா பரெட்ஸ்கி சிகாகோவையும், சூ கிராஃப்டன் கலிபோர்னியாக் கடற்கரையையும் களமாகக் கொண்டனர். பரெட்ஸ்கியின் நாயகி வார்ஷாவ்ஸ்கி, போலீஸ்காரரின் மகள், வழக்கறிஞராக இருந்தவள். முழுப்பெயரைச் சொன்னால் ஆடவர் அலட்சியமாகப் பேசுகிறார்கள் என்பதற்காக வி. ஐ. என்ற தலைப்பெழுத்துகளையே வைத்துக்கொள்பவள். ஆசிரியை தாம் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பணி செய்தவர். ஆகவே அவர் கதைகளில் குற்றம் பெரும்பாலும் கணக்குப் புத்தகத்தில் ஒளிந்திருக்கும். பெண்கள் எழுதும் குற்ற நாவல்களுக்குப் பத்திரிகைகளில் மதிப்புரை கிடைப்பதில்லை என்று கண்டு, 1986-இல் அத்தகைய எழுத்தாளர்களின் சங்கம் ஒன்று தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார்.

கிராஃப்டனின் கதை சற்று விபரீதமானது. மணமுறிவுக்குப் பின் குழந்தைகளுக்காக நீண்ட வழக்கில் சிக்கியிருந்த காலத்தில், முன்னாள் கணவனை எப்படிக் கொல்லலாம் என்று கற்பனை செய்து மனத்தை ஆற்றிக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அக்கற்பனையை நாவலாக்கினார். கொலைக்குப் பயன்படும் நஞ்சு நம் நாட்டிலும் வேலியோரம் பூக்கும் அரளி! நாயகி கின்சி மில்ஹோன் முப்பத்திரண்டு வயதினள். இருமுறை மணமுறிவு பெற்றவள். சிறு அறையில் தனித்து வாழ்பவள். கண்டறிந்த ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி அட்டையில் எழுதி வரிசைப்படுத்துவாள். ஆங்கில நெடுங்கணக்கின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நாவல் என்பது ஆசிரியையின் திட்டம். இருபத்தைந்தாம் எழுத்து வரை வந்தார். 2017 டிசம்பரில் மறைந்தார். வேறொருவரைக் கொண்டு இறுதி நாவலை எழுதச் செய்யக் குடும்பத்தார் இசையவில்லை.

இந்த அமெரிக்க நூல்களில் துப்பாக்கியும் அடிதடியும் சற்று மிகுதி. ஆடவர் கதைகளின் முரட்டுத்தனத்தை அப்படியே எடுத்துப் பெண்ணுக்கு அணிவித்தது போன்ற இடங்கள் உண்டு. அவை எனக்கு அத்துணை உவப்பில்லை. கின்சி அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசிக்கும் பக்கங்களை நான் விரும்பிப் படிப்பேன்.

முரடு வேண்டாதவர்களுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நிலையம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் அண்டை நாடான போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோன். அங்கே பிரெஷஸ் ரமோட்ஸ்வே என்ற பருத்த உடலும் பரந்த உள்ளமும் உடைய அம்மையார் பெண்களின் துப்பறியும் நிலையம் ஒன்றைத் திறக்கிறார். இந்நாவல் வரிசையை 1998-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித். இன்றைய ஜிம்பாப்வேயில் பிறந்து, போட்ஸ்வானாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர். அவர் ஆடவர், வெள்ளையர். ஆயினும் அந்நாட்டைப் பரிவோடு எழுதியிருக்கிறார். ரமோட்ஸ்வேயின் தந்தை தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்துச் சேர்த்ததை மாடுகளாக்கி மகளுக்கு விட்டுச் சென்றவர். மாடு என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. போட்ஸ்வானா மக்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. அம்மாடுகளை விற்ற பணத்தில்தான் நிலையம் எழுகிறது. பெண் துப்பறிய முடியுமா என்று வழக்கறிஞர் ஐயுறுகிறார். சுற்றி நடப்பதைக் கவனிப்பவர்கள் பெண்கள்தாமே என்று அம்மையார் மறுமொழி சொல்கிறார். வருகின்ற வழக்குகள் பெரும்பாலும் சிறியவை: வீட்டை விட்டுப் போன கணவன், தந்தை என்று சொல்லி வந்து உட்கார்ந்துகொண்ட அயலான், இவை போன்றவை. கொலை அரிது.

அந்நிலையத்தில் கிரேஸ் மக்குட்சி என்ற செயலாளர் இருக்கிறாள். நாட்டின் செயலாளர் பயிற்சிக் கல்லூரியில் இறுதித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு மதிப்பெண் பெற்றவள். அவ்வளவு மதிப்பெண் அதற்கு முன் எவரும் பெற்றதில்லை. ஆனாலும் வேலை கிடைக்கவில்லை. பெரிய அலுவலகங்களில் அமர்ந்தவர்கள் ஐம்பது மதிப்பெண் பெற்ற அழகிகள். இவளுக்கோ முகப்பொலிவு இல்லை, மூக்கின்மேல் பெரிய கண்ணாடி. கடைசியில் அவளுக்கு வேலை கொடுத்தது, சம்பளம் தரவே திண்டாடும் இந்தப் பெண்கள் நிலையம் ஒன்றுதான். வந்தவள் கடிதம் தட்டுவதோடு நில்லாமல் கோப்புகளை ஒழுங்குபடுத்தினாள். சில காலத்தில் உதவித் துப்பறியும் அதிகாரி என்ற பதவி உயர்வையும் கேட்டுப் பெற்றாள்.